முதல் டாட்டூ: ஆள், இடம், மாதம், அப்புறம்தான் படம்

முதல் டாட்டூ போடப்போகிறேன் என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் விசாரித்தால் உடனே போனை எடுத்துப் படத்தைக் காட்டுவார்கள். மயிலிறகு, வேல், தமிழில் அம்மா, இல்லாவிட்டால் எந்த ஊர்க்காரரோ தெரியாது, அவருடைய மணிக்கட்டில் முடியளவு கோட்டில் வரைந்த ஒரு பூ. யாரிடம் போடப்போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் "பார்க்கணும், தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான்" என்று இழுப்பார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் ஆள், அப்புறம் உடம்பில் இடம், அப்புறம் மாதம், படம் கடைசியில். ஆளும் இடமும் முடிவாகிவிட்டால் எந்தப் படம் நிற்கும், எது நிற்காது என்பது பாதி தெரிந்துவிடும். படத்தை முதலில் பிடித்துக்கொண்டால் அதற்காக ஆளையும் இடத்தையும் வளைக்க ஆரம்பிப்போம், சொதப்பல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

யாரிடம் போவது

சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊரில் இருப்பவருக்கு நடைமுறையில் நான்கு வழி உண்டு. திருவிழாவிலும் கடற்கரையிலும் உட்கார்ந்திருக்கும் தெருவோரக் கடை, ஆன்லைனில் மெஷின் வாங்கிப் பழகிக்கொண்டிருக்கும் நண்பன், மாலிலோ சுற்றுலா ஊரிலோ அப்படியே நுழைந்து போட்டுக்கொண்டு வரும் கடை, முன்பே பேசி தேதி வாங்கிக்கொண்டு போகும் ஸ்டுடியோ.

தெருவோரக் கடையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மலிவு, ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அட்டையில் இருப்பதில் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும். ஆனால் ஊசி ஆளுக்கு ஒன்றா என்று கேட்டுப் பாருங்கள், துடைச்சுட்டேன் என்றுதான் பதில் வரும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்துபோன ரத்தத்தில்கூட ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். பஞ்சால் ஒரு துடைப்பு துடைத்தால் அது போய்விடாது. இந்த வழியை இங்கேயே அடித்துவிடுகிறேன்.

நண்பன் விஷயம் அவ்வளவு சுலபமில்லை, ஏனென்றால் பாசம் நடுவில் வரும். மெஷின், கொஞ்சம் ஊசி, குட்டிக் குட்டி பாட்டிலில் மை எல்லாம் ஒரே பெட்டியாகச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, பையன் நன்றாக வேறு வரைவான், உன் கையில்தான் என் முதல் வேலை என்று சொல்லும்போது மறுக்க மனசு வராது. ஆனால் காகிதத்துக்கு ஆழம் கிடையாது, தோலுக்கு உண்டு. மை போய் உட்கார வேண்டியது தோலின் மேலடுக்குக்குக் கீழே, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். மேலேயே நின்றுவிட்டால் ஆறும்போது பொருக்கோடு உதிர்ந்துபோகும். ஆழமாக இறங்கிவிட்டால் கீழே இருக்கும் கொழுப்பில் பரவி, கோட்டைச் சுற்றி நீலமாக ஒரு கலங்கல் வரும், ப்ளோ அவுட் என்பார்கள், அதை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. எத்தனை அழுத்தினால் எத்தனை இறங்கும் என்பது முழங்கைப் பக்கம் ஒரு மாதிரி, மணிக்கட்டில் ஒரு மாதிரி. அது கைக்குப் பிடிபட மாசக்கணக்கில் செயற்கைத் தோலில் பழகவேண்டும். அந்தப் பழக்கத்தை உங்கள் மேல் செய்யப்போகிறான், அவ்வளவுதான்.

அப்புறம் மை. பெட்டியோடு வரும் மையில் என்ன இருக்கிறது என்று பாட்டில் சொல்லாது. கறுப்பைச் சாம்பலாக்க அதில் வீட்டுத் தண்ணீரைக் கலக்கும் வழக்கமும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிய பயம். 2011 கடைசியில் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் ஒரே கலைஞரிடம் போட்டுக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தடிப்புத் தடிப்பாக வந்தது. தேடிப் பார்த்தபோது சாம்பல் நிற மையிலேயே காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தமான ஒரு பாக்டீரியா இருந்தது. கலைஞர் சுத்தமாக வேலை செய்திருக்கிறார், கடையில் வாங்கிய மைதான் காலை வாரியிருக்கிறது. மூடி முத்திரையிட்ட பாட்டிலுக்கே இந்தக் கதி என்றால் குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நண்பனை ஊக்கப்படுத்த ஆசையாக இருந்தால் பழகுகிற தோல் இரண்டு ஷீட் வாங்கிக் கொடுங்கள்.

மால் கடையும் முன்பதிவு ஸ்டுடியோவும்தான் உண்மையான போட்டி. மால் கடையில் வெளிச்சம் இருக்கும், ஏசி இருக்கும், ஊசியும் பெரும்பாலும் புதுசுதான். அங்கே குறை வேறு: அன்றைக்கு யார் சும்மா இருக்கிறாரோ அவர் போடுவார், அவருக்கு எழுத்து வருமா, உருவம் வருமா என்று நமக்குத் தெரியாது. வார இறுதியில் பின்னால் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் ஸ்டென்சிலை, அதாவது ஊசி தொடுவதற்கு முன் படத்தைத் தோலில் பதிக்கும் தாளை, எடுத்து மறுபடி ஒட்டச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும். ஸ்டென்சில் கோணலாக விழுந்தால் துடைத்துவிட்டு ஒட்டுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்கும் தைரியம் அவசரமான கடையில் வராது. ஒரு சின்ன நட்சத்திரம், ஒரு ஓம், அளவான ஒரு சின்னம் என்றால் மால் கடை போதும் என்றுதான் சொல்வேன். கோவாவிலோ புதுச்சேரியிலோ டூர் போன இடத்தில் போட்டுக்கொள்வது மட்டும் வேண்டாம். மறுநாள் கடலில் இறங்கக் கூடாது என்பது ஒன்று, ஒரு மாதம் கழித்து மை விட்டுப்போன இடத்தை நிரப்ப மறுபடி கோவாவுக்கா போவீர்கள்?

ஸ்டுடியோவில் காத்திருக்க வேண்டும், முன்பணம் கேட்பார்கள், விலையும் கூட. சதுர அங்குலக் கணக்கில் பேசுவது வழக்கம். சென்னையில் 500 ரூபாயிலிருந்து 1000 வரை காதில் விழும், பெயர் வாங்கியவர்கள் அதற்கும் மேலே கேட்பார்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று தனியாக இருக்கும். அந்தக் காசுக்குக் கிடைப்பது ஆளைத் தேர்ந்தெடுக்கும் வசதி. இன்ஸ்டாகிராமில் அவருடைய பக்கத்தைத் திறந்து, ஆறி ஒரு வருஷம் ஆன டாட்டூ படம் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். போட்டு முடித்த நிமிடத்தில் எடுத்த படத்தில் எல்லாமே கறுகறுவென்று மின்னும், யார் போட்டாலும் மின்னும். ஆறிய படம் போடாதவரிடம் கேளுங்கள், அனுப்பாவிட்டால் அடுத்த ஆளைப் பாருங்கள். அதில் நம்ம நிறத் தோலில் போட்ட வேலை எத்தனை என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

அங்கே போனதும் மேசையைப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். நல்ல கடையில் நாற்காலியின் கைப்பிடிக்கும் மெஷினுக்கும் அதன் ஒயருக்கும்கூட பிளாஸ்டிக் உறை புதுசாகச் சுற்றுவார்கள், நீங்கள் உட்கார்ந்த பிறகு சுற்றுவார்கள். ஊசி கார்ட்ரிட்ஜை உங்கள் கண் முன்னால் கவரைக் கிழித்து எடுப்பார்கள். கவரில் காலாவதித் தேதி இருக்கும், காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள். மையைப் பெரிய பாட்டிலிலிருந்து விரல் நுனி அளவுக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றி, மிச்சமானதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாமல் குப்பையில் போடுவார்கள். நடுவில் போன் அடித்து எடுத்தால் கையுறையை மாற்றுவார்கள். போனைத் தொட்ட கையுறையோடு திரும்ப வந்து உட்கார்ந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் டாட்டூ போடுபவருக்கென்று நாடு முழுக்கத் தனி உரிமமோ தேர்வோ கிடையாது, கடைக்கு இருப்பது வர்த்தக உரிமம்தான். திருச்சியில் 2024 டிசம்பரில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்துவிடும் வேலையெல்லாம் நடந்தது தெரியவந்து மாநகராட்சி சீல் வைத்தது, அந்த அளவுக்கு முற்றிய பிறகுதான் யாரும் எட்டிப் பார்க்கிறார்கள். அதுவரைக்கும் இன்ஸ்பெக்டர் வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உடம்பில் எங்கே

இதில்தான் ஆளுக்கு ஆள் பதில் மாறும். வேலையிலிருந்து ஆரம்பிக்கலாம். ராணுவத்துக்குப் போகும் எண்ணம் துளியாவது இருந்தால் முன்னங்கையின் உட்பக்கம், அதாவது முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை, இல்லாவிட்டால் புறங்கை. இந்த இரண்டு இடத்தில் இருந்தால்தான் நிரந்தர டாட்டூவை ஏற்பார்கள், பழங்குடி மரபுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் மாதிரி மத்தியப் படைகளில் இன்னும் கறார்: சல்யூட் அடிக்காத இடது முன்னங்கையின் உட்பக்கமோ புறங்கையோதான், அதிலும் அந்த உறுப்பில் கால்பங்குக்கும் குறைவாக, மதச் சின்னமோ உருவமோ பெயரோ மாதிரி இருக்க வேண்டும். நன்றாக ஓடிக் கயிறேறிய பையன்கள் தோளில் போட்ட புலிக்காக மருத்துவத் தேர்வில் திரும்பி வருவது கொடுமை. விதி மாறக்கூடியது, எந்த வேலைக்கு எழுதுகிறீர்களோ அந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிட்டுக் கையை நீட்டுங்கள். விமானப் பணிப்பெண், ஓட்டல் முன்மேசை மாதிரி வேலைகளில் சீருடைக்கு வெளியே தெரியக் கூடாது என்பார்கள். ஐடி கம்பெனியில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

வீடு வேறு கணக்கு. பாட்டி கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சை இருந்ததே என்று அம்மாவிடம் வாதாடலாம், ஜெயிக்க முடியாது. முழுக்கைச் சட்டைக்குள் மறைகிற இடமாகப் பார்த்துக்கொள்வதுதான் தற்காலிக சமாதானம்.

இனி இடங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். முன்னங்கை உட்பக்கம் தட்டையான பரப்பு, வலி நடுத்தரம், வெயில் குறைவாகப் படும், ஆறும்போது நம் கண்ணுக்கு எதிரிலேயே இருப்பதால் கவனிக்கவும் சுலபம். முன்னங்கை வெளிப்பக்கம் இதைவிட வலி குறைவு. ஆனால் தினமும் பைக் ஓட்டுகிறவருக்கு அந்தப் பக்கம்தான் வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், சன்ஸ்கிரீனோ கை உறையோ போடும் பழக்கம் இல்லாவிட்டால் சில வருஷத்தில் கறுப்பு சாம்பலாகும். மணிக்கட்டு பார்க்க அழகு, தோல் மெல்லிசு, மை கலங்கும் ஆபத்து கூட, வாட்ச் உரசும். விலா எலும்பு படத்தில் நன்றாக இருக்கிறது, முதல் தடவையே அங்கே போய் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்திருக்க முடியுமா என்று யோசியுங்கள். கணுக்கால் ஆறுவதற்கு நேரமாகும், சாக்ஸும் செருப்பு வாரும் தேய்க்கும். விரலில் போட்டால் சீக்கிரம் அழிந்துவிடும், நல்ல கலைஞர்களே விரலுக்கு உத்தரவாதம் தர முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், கேட்டுக்கொண்டு மோதிரம் வாங்கிப் போடுங்கள்.

காது குத்திய இடத்திலோ அம்மைத் தழும்பிலோ சதை உருண்டையாக வளர்ந்திருந்தால் உங்களுக்குக் கீலாய்டு வரும் உடம்பு. கறுத்த தோலுக்கு இது கொஞ்சம் அதிகம், மார்பு நடுவிலும் தோள்பட்டையிலும் மேல் முதுகிலும் இன்னும் அதிகம். அப்படிப்பட்டவர்கள் தோல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு பண்ணுவது நல்லது. வெண்புள்ளியோ சோரியாசிஸோ இருப்பவர்களுக்குக் காயம்பட்ட இடத்தில் புதிதாகக் கிளம்பும் வழக்கம் உண்டு, டாட்டூவும் ஒரு காயம்தான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்காமல் போகவேண்டாம், மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட மோசம்.

ரத்த தானம் செய்கிறவர் என்றால் டாட்டூ போட்ட நாளிலிருந்து 12 மாதம் தானம் செய்ய முடியாது என்பது இந்திய விதி. அரிய வகை ரத்தம் என்று உங்கள் பெயரை நாலு வாட்ஸ்ஆப் குழுவில் எழுதி வைத்திருந்தால் போய்ச் சொல்லிவிடுங்கள்.

என் ஓட்டு முன்னங்கை உட்பக்கம், மணிக்கட்டிலிருந்து நாலு விரல் தள்ளி. இன்னும் சந்தேகமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. ஜாகுவா என்று ஒரு பழச்சாற்று மை, தோலில் நீலக் கறுப்பாகப் பிடித்து ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். நீங்கள் நினைக்கும் படத்தை நினைக்கும் அளவில் அதில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கும் கல்யாண வீட்டுக்கும் போய் வாருங்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள், கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கிறது, ஒரு வாரத்தில் சலித்ததா என்பதெல்லாம் தெரியும். கடைத்தெருவில் கிடைக்கும் கறுப்பு மருதாணியில் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள், அதில் தலைச்சாயத்தில் போடும் பிபிடி ரசாயனம் இருக்கும், கொப்புளித்துத் தழும்பாகிவிடும்.

படம், கோடு, எழுத்து

வயதான அம்மாக்கள் கையில் இருக்கும் பழைய பச்சையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள், இதைவிட நல்ல பாடம் எந்தக் கடையிலும் கிடைக்காது. மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்துப் பிடித்த கரிதான் குறத்திகள் குத்திய மை என்று நூறு வருஷத்துக்கு முன்னால் சென்னை அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். வெறும் கரி. அறுபது வருஷம் கழித்து என்ன ஆகியிருக்கிறது? புள்ளிக்கும் புள்ளிக்கும் இடம் விட்டுக் குத்திய கோலம் இன்றைக்கும் கோலமாகத் தெரிகிறது, கோடு இரண்டு மடங்கு தடித்திருக்கிறது, கறுப்பு பச்சையாகியிருக்கிறது, ஆனால் என்ன படம் என்று கேட்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே நெருக்கமாகக் குத்திய புருஷன் பெயரைப் படிக்கப் பாருங்கள், அந்த அம்மாவே வாசித்துக் காட்டினால்தான் உண்டு. இன்றைய மெஷினும் மையும் எவ்வளவோ மேல், ஆனாலும் கோடு பரவுவது நிற்கவில்லை. மைத்துகளை விழுங்கி வைத்திருக்கும் தோல் செல்கள் சாகும்போது அடுத்த செல் வந்து எடுத்துக்கொள்கிறது, கை மாறி மாறி வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் நகரும்.

ஆகவே முடியளவுக் கோடா, தடித்த கோடா என்ற போட்டியில் நான் நடுத்தரத்துக்குப் போவேன். மெல்லிய கோடு போட்ட அன்றைக்கு நகை மாதிரி இருக்கும், ஆனால் சில வருஷத்தில் அங்கங்கே விட்டுப்போகும், மறுபடி ஏற்ற வேண்டும், போடுபவர் கை கொஞ்சம் அழுத்தினாலும் பிசகு பளிச்சென்று தெரியும். நடுத்தரக் கோட்டில், கோடுகளுக்கு நடுவே தாராளமாக வெறும் தோல் விட்டால், பரவுவதற்கும் இடம் இருக்கும்.

நிறம் என்று வந்தால் ஒன்றே ஒன்று சொல்லலாம்: மை நம் தோல் நிறத்துக்குக் கீழே இருக்கிறது, மேலே இல்லை. மாநிறக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரிதான் தெரியும். வெள்ளை, மஞ்சள், வெளிர் ரோஜா எல்லாம் நம்மில் பல பேர் தோலில் சில மாதத்தில் காணாமல் போய்விடும். சிவப்பும் கரும்பச்சையும் ஓரளவு நிற்கும், ஆனால் ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பு மையில். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, அந்த விதிக்கு உட்பட்ட மையா என்று ஸ்டுடியோவில் கேட்கலாம், பாட்டிலிலேயே எழுதியிருக்கும். முதல் தடவைக்குக் கறுப்பே போதும். பின்னால் லேசரில் எடுக்க நேர்ந்தாலும் கறுப்புதான் லேசில் போகும், மஞ்சளும் வெளிர்பச்சையும் அடம்பிடிக்கும். லேசர் என்றதும் ஒரே நாளில் துடைத்து எடுப்பது என்று நினைக்காதீர்கள். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்று பல தடவை போகவேண்டும், நம் தோலில் வெள்ளைத் திட்டோ கறுப்புத் திட்டோ விழாமல் செய்யத் தெரிந்த தோல் மருத்துவரும் வேண்டும். போட்ட செலவைப் போல் பல மடங்கு எடுக்க ஆகும்.

தமிழ் எழுத்து போட நினைப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். போடுபவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் தெரியாதவர் என்றால் ஸ்டென்சிலைச் சரிபார்ப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. படம் வரையும் மென்பொருள்களில் பழைய பதிப்பு சிலவற்றில் தமிழைத் தட்டினால் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நிற்கும். கொ என்பதில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும், அதையும் வடிவமைப்பு என்று நினைத்து அப்படியே குத்திவிட ஆள் இருக்கிறார்கள். கையால் எழுதி அதைப் படமெடுத்துக் கொடுப்பது உத்தமம், அம்மா கையெழுத்தாக இருந்தால் இன்னும் நல்லது. எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். ண, ன சுழிகளையும் ணை, னை கொம்புகளையும் யோசித்துப் பாருங்கள், சின்னதாகப் போட்டால் பத்து வருஷத்தில் சுழிக்குள் மை அடைத்துக்கொண்டு மூன்று சுழியா இரண்டு சுழியா என்று தெரியாமல் போகும். மெய்யெழுத்தின் புள்ளி அதற்குக் கீழே உள்ள கோட்டோடு ஒட்டிக்கொள்ளும், உயிர்மெய் ஆகிவிட்ட மெய்யைப் பார்த்துத் தமிழ் வாத்தியார் யாராவது வருத்தப்படுவார். ஸ்டென்சில் ஒட்டியதும் கண்ணாடியிலோ செல்ஃபியிலோ பார்க்காதீர்கள், எழுத்து திரும்பித் தெரிந்து குழப்பும். கூட வந்தவரைப் பின்கேமராவில் எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள்.

காதலர் பெயரா, கட்சிச் சின்னமா, சாமியா என்பதில் நான் தலையிட மாட்டேன். எம்.ஜி.ஆர். சொன்னார் என்று கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொண்ட தொண்டர்கள் பல பேர் இன்றைக்கும் அதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். நயன்தாரா கையில் இருந்த பெயர் பின்னாளில் பாசிட்டிவிட்டி என்று மாறியதும் நடந்திருக்கிறது. பெயர்தான் போடுவேன் என்றால் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டுப் போடுங்கள், அதற்குமேல் நான் சொல்லவில்லை. சாமி உருவத்துக்கு ஒரு வார்த்தை: முகத்தோடு கூடிய உருவம் என்றால் கண்ணும் மூக்கும் தெளிவாக வர உள்ளங்கை அளவாவது வேண்டும், முதல் டாட்டூவுக்கே அவ்வளவு நேரம் உட்காருவது கஷ்டம். வேல், சூலம், நாமம் மாதிரிச் சின்னம் சிறிதாகவும் நிற்கும். இடுப்புக்குக் கீழே சாமி வேண்டாம் என்று பல கலைஞர்களே மறுத்துவிடுகிறார்கள்.

எந்த மாதம்

புது டாட்டூவை இரண்டு மூன்று வாரம் வெயிலிலும் கடலிலும் நீச்சல் குளத்திலும் அருவியிலும் காட்டக் கூடாது. இந்த ஒரு வரியை நம் ஊர் காலண்டர் மேல் வைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே கத்திரியில் வியர்வை ஊறிக்கொண்டே இருக்கும், சொறியத் தோன்றும். ஜூன், ஜூலை பரவாயில்லை, ஆனால் குற்றாலம் சீசன், ஃப்ரெண்ட்ஸ் கிளம்பினால் நீங்கள் கரையில் துண்டு வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் சென்னைப் பக்கம் மழைத் தண்ணீரில் நடந்து போகும் நாட்களில் கணுக்கால் டாட்டூ வேண்டவே வேண்டாம். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தால் காலையும் மாலையும் குளியல், பம்பையில் முழுக்கு வேறு இருக்கிறது, மலைக்குப் போய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிஞ்சுவது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். வியர்வை குறைவு, முழுக்கைச் சட்டை போட்டாலும் வேகாது. வடநாட்டிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

இதற்கு நடுவில் இன்னொரு வேலையும் பார்த்துக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிராதவர்கள் மூன்று ஊசி போடவேண்டும், முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் ஆறு மாதம். ஆகஸ்டில் ஆரம்பித்தால் பிப்ரவரிக்குச் சரியாக வரும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நாளும் அதற்குப் பிறகும்

மரத்துப்போகும் கிரீம் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மருந்துக் கடையில் லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த கிரீம் கிடைக்கும், தடவி மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் மேல் தோல் மரக்கும். ஒரு மணி நேர வேலைக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். அரை மணியில் உடம்பு பழகிவிடும், கிரீம் தடவிய தோல் ஊறிப்போய் ரப்பர் மாதிரி இருக்கிறது என்று சில கலைஞர்கள் போடவே மாட்டார்கள். கட்டாயம் வேண்டும் என்றால் அவரிடம் முன்பே சொல்லுங்கள், குழாய் முழுவதையும் கை முழுக்கப் பூசாதீர்கள், அதிகமானால் மருந்து ரத்தத்தில் ஏறும். வலியைவிடப் பசிதான் ஆளைச் சாய்க்கிறது. வெறும் வயிற்றில் போய் உட்கார்ந்து கண் இருட்டிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். இட்லியோ பொங்கலோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் கடலை மிட்டாயும் வைத்துக்கொண்டு போங்கள். முந்தின நாள் குடித்துவிட்டு வந்தால் நல்ல கடையில் திருப்பி அனுப்புவார்கள், ரத்தம் அதிகம் கசியும். பதினெட்டு வயது ஆகாதவர்களையும் திருப்பி அனுப்புவார்கள், அனுப்ப வேண்டும்.

முடித்ததும் மேலே மெல்லிய ஒட்டும் தாள் ஒன்றை ஒட்டிவிடுவதா, அப்படியே திறந்து விட்டுக் கழுவிக் கழுவி ஆறவிடுவதா என்று கேட்பார்கள். தாள் ஒட்டினால் துணி உரசாது, தூசி படாது, குளிக்கலாம், மூன்று நாலு நாள் மறந்துவிடலாம். ஏசி அறையில் வேலை பார்ப்பவருக்கு அருமையான ஏற்பாடு. பைக்கில் டெலிவரி கொடுப்பவருக்கோ சமையற்கட்டில் நிற்பவருக்கோ வியர்வை உள்ளே தேங்கி ஓரம் கிளம்பிவிடும், கிளம்பின தாளை மேலும் ஒட்டிவைத்திருப்பது கிருமிக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான், உடனே எடுத்துவிட வேண்டும். பிளாஸ்திரி போட்டால் சிவந்து அரிக்கும் தோல் என்றால் தாள் வேண்டாம். திறந்து ஆற்றுவது வேலை அதிகம், ஆனால் எல்லோருக்கும் பொருந்தும்: வாசனை இல்லாத சோப்பால் நாளைக்கு இரண்டு மூன்று தடவை விரலால் மட்டும் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, கலைஞர் சொன்ன கிரீமைத் தோல் பளபளக்கும் அளவுக்கு மட்டும் பூசினால் போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், புதுக் காயத்தில் எதையும் அரைத்துப் பூச வேண்டாம். நாலைந்தாம் நாள் பொருக்கு உதிர ஆரம்பிக்கும், கை சும்மா இருக்காது, நகத்தால் உரித்தால் மையும் சேர்ந்து வரும். சிவப்பு குறையாமல் நாளுக்கு நாள் பரவினாலோ, சூடும் சீழும் காய்ச்சலும் வந்தாலோ கடைக்குப் போன் போடாமல் டாக்டரிடம் போங்கள்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எங்காவது ஒரு கோடு வெளிறியிருக்கும், அது சகஜம். அதை நிரப்பிக் கொடுப்பது இலவசமா, எத்தனை மாதத்துக்குள் வரவேண்டும் என்பதை முன்பணம் கட்டும் நாளிலேயே கேட்டு, வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.